பழைய வீடியோ கசெட்டிலிருந்து பிள்ளைப்பருவத் தொலைக்காட்சியை மீட்பது எப்படி: மொரீஷியஸ், ரீயூனியன் வீடுகளுக்கு

கசெட் கையில் கிடைத்ததும் விசிஆரில் போட்டுப் பார்க்காதீர்கள். வாக்குவாஸ், குய்ர்ப்பீப் பக்கத்து ஈரக்காற்றில் இருபது முப்பது வருடம் அலமாரியில் கிடந்த விஎச்எஸ் கசெட்டுக்கு அந்த முதல் ஓட்டமே கடைசி ஓட்டமாகிவிடலாம். பூஞ்சை பிடித்த ஒரு கசெட் விசிஆரின் ஹெட்டில் ஒட்டிக்கொண்டு, அடுத்துப் போடும் நல்ல கசெட்டையும் கெடுக்கும். முதலில் செய்யவேண்டியது ஒன்றுதான்: ஒவ்வொரு கசெட்டின் முதுகுப் பக்க இடது ஓரத்தில் இருக்கும் சின்னப் பிளாஸ்டிக் காதை உடைத்துவிடுங்கள். ஏற்கெனவே உடைத்து, பிறகு செலோடேப் ஒட்டி மூடியிருந்தால் டேப்பைப் பிய்த்தெறியுங்கள். அதன்பின் தவறி யாராவது பதிவுப் பொத்தானை அழுத்தினாலும் அழியாது.

எதைக் காப்பாற்றப் போகிறோம்

வீட்டுக் கசெட்டுகளில் இருப்பவை பெரும்பாலும் வெளியூர் நிகழ்ச்சிகள். பிரெஞ்சு பேசும் ஜப்பானியக் கார்ட்டூன், தூர்தர்ஷனிலிருந்து வந்த புராணத் தொடர், ஞாயிற்றுக்கிழமைப் படம். இவற்றுக்கு இன்று டிவிடி உண்டு, இணையத்திலும் கிடைக்கும், உங்கள் கசெட்டைவிடத் தெளிவாகவே கிடைக்கும். வேறெங்கும் கிடைக்காதது அவற்றைச் சுற்றி இருப்பதுதான்: எம்பிசி (மொரீஷியஸின் ஒளிபரப்பு நிறுவனம்) அறிவிப்பாளர் அடுத்த நிகழ்ச்சியைச் சொல்லும் அரை நிமிடம், ரோஸ் ஹில் துணிக்கடை விளம்பரம், தமிழ்ச் செய்தியின் தொடக்க இசை, படத்தின் நடுவே வந்த புயல் எச்சரிக்கை. அந்த நாளில் விளம்பரம் வரும்போது ‘பாஸ்’ அழுத்தி அழுத்திப் பதிந்தவர்கள் தங்களை அறியாமலே அரிய பகுதியை விட்டுவிட்டார்கள். அப்படி அழுத்த மறந்த கசெட்டே இன்று மதிப்புள்ளது.

இதை நன்றாக உணர்ந்தவர்களில் வியட்நாமியரைச் சொல்லவேண்டும். 1980களிலும் 90களிலும் அங்கே வளர்ந்தவர்கள் நினைத்து உருகும் நிகழ்ச்சிகளில் பல அவர்கள் நாட்டில் எடுத்தவை அல்ல. சோவியத் ஒன்றியத்தில் 1969இல் தொடங்கிய ஓநாய்-முயல் கார்ட்டூன் ‘நூ, பகஜி!’, சீனத் தொலைக்காட்சியின் 25 பகுதி ‘மேற்கு நோக்கிய பயணம்’, ஜப்பானின் என்எச்கே 1983-84இல் 297 பகுதிகளாக ஒளிபரப்பிய ‘ஓஷின்’ ஆகியவற்றை எந்த வியட்நாமியரும் பிள்ளைப்பருவத்தோடு சேர்த்தே சொல்வார். ஆனால் அவர்கள் கேட்டு வளர்ந்த ஒலி சீனமோ ஜப்பானியமோ அல்ல. ஒரே ஒருவர் உட்கார்ந்து எல்லாப் பாத்திரங்களின் பேச்சையும் வியட்நாமிய மொழியில் வாசித்துக்கொண்டே போவார். மூல ஒலி அடியில் மெல்லக் கேட்கும். துயெட் மின் என்று அதற்குப் பெயர். சீனத் தொடரைத் துடைத்துப் பளிச்சென்று வெளியிட்டாலும் அந்த வாசிப்புக் குரல் இல்லாவிட்டால் அது அவர்கள் பார்த்த தொடர் ஆகாது. அந்தக் குரல் அங்கே ஒளிபரப்பானபோது பதிந்த பிரதியில்தான் இருக்கும். நம் தீவுகளிலும் நிலைமை இதுதான். ஆகவே இந்த வேலையில் படத்துக்குக் கொடுக்கும் கவனத்தை ஒலிக்கும் கொடுங்கள்; எதையும் வெட்டாமல் முதல் நொடியிலிருந்து கடைசி நொடிவரை கணினிக்கு எடுங்கள். கல்யாணக் கசெட் என்று எழுதியிருந்தாலும் தாலி கட்டி முடிந்தபின் நிறுத்தாதீர்கள். பழைய தொலைக்காட்சிப் பதிவின்மேல்தான் பல கல்யாணங்கள் பதிவாகியிருக்கின்றன. கல்யாணம் முடிந்த இடத்தில் 1980களின் செய்தி மீதி இருக்கும்.

பிரித்து வைப்பதும் உலர்த்துவதும்

வேலைக்கு ஏற்ற மாதங்கள் செப்டம்பர், அக்டோபர். புயல் பருவத்தில், குறிப்பாக ஜனவரியிலிருந்து மார்ச் வரை, கசெட் பெட்டியைத் திறக்காமல் இருப்பது நல்லது.

ஒவ்வொரு கசெட்டின் கண்ணாடிச் சாளரத்தின்மேலும் டார்ச் வெளிச்சத்தைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். சுருளின் பக்கம் கருப்பாக, வழவழப்பாகத் தெரிந்தால் நல்லது. வெள்ளைத் தூளோ, சிலந்தி நூல் போன்ற படலமோ, சாம்பல் புள்ளிகளோ தெரிந்தால் பூஞ்சை. அப்படிப்பட்டதைத் தனிப் பையில் போட்டுக் கட்டி, பெயர் எழுதி ஒதுக்குங்கள். திறக்கும்போது முகமூடி அணியவேண்டும்.

மற்றவற்றைக் காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டியில் அடுக்கி, சிலிக்கா ஜெல் பை போட்டு இரண்டு வாரம் மூடி வையுங்கள். உள்ளே ஒரு சின்ன ஈரமானி வையுங்கள். 40 சதவீதத்துக்கு இறங்கினால் போதும். ஜெல்லின் நிறம் மாறினால் அது நிறையக் குடித்துவிட்டது என்று அர்த்தம், மாற்றுங்கள். வெயிலில் காயவைப்பது, அடுப்பில் சுடவைப்பது, அரிசியில் புதைப்பது மூன்றும் வேண்டாம். வெயிலில் கசெட்டின் பிளாஸ்டிக் ஓடு வளையும். அரிசித் தூசு சுருளுக்குள் போகும்.

பூஞ்சை லேசாக இருந்து, கசெட் முக்கியமானதாகவும் இருந்தால் வீட்டிலேயே துடைக்கலாம். முதலில் அதையும் இரண்டு வாரம் தனியாக உலர்த்துங்கள். உலர்ந்த பூஞ்சை தூளாக உதிரும். ஈரப்பூஞ்சை இழுபட்டு அப்பிக்கொள்ளும். பிறகு, வேறு எதற்கும் பயன்படுத்தப்போகாத ஒரு பழைய விசிஆரையோ தனி ரீவைண்டரையோ எடுத்து, நாடா ஓடும் வழியில் நூல் உதிராத துணியை இரண்டு பக்கமும் லேசாகப் பிடித்தபடி முழுக்க முன்னும் பின்னும் சுற்றுங்கள். சில நிமிடத்துக்கு ஒருமுறை துணியின் சுத்தமான இடத்துக்கு மாறுங்கள். வீட்டு வெளித் திண்ணையில் செய்வது நல்லது. படலம் தடிப்பாக இருந்தால் இதைச் செய்யாதீர்கள். சுருள் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும், இழுத்தால் பூச்சு கிழிந்து வரும். அது தொழில்முறைக் கூடத்தின் வேலை.

ஓடு உடைந்திருந்தால் மாற்றுவது எளிது. அடியில் ஐந்து திருகாணி இருக்கும். கசெட்டைக் குப்புறப் போட்டுத் திருகாணிகளைக் கழற்றி, பிறகு நிமிர்த்திவிட்டு மேல் மூடியைத் தூக்குங்கள். குப்புற வைத்தே திறந்தால் ஸ்பிரிங்குகள் எகிறும். இரண்டு சுருளையும் இன்னொரு நல்ல ஓட்டுக்கு மாற்றும்முன் நாடா போகும் வழியைக் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

வண்ணம் எங்கே போனது

நம் தீவுகளில் இந்த வேலை இந்தியாவிலோ தென்னாப்பிரிக்காவிலோ செய்வதைவிடச் சிக்கலானது. அங்கெல்லாம் டிவியில் வண்ணத்தை அனுப்பும் முறை பிஏஎல். இங்கே அனலாக் காலம் முழுவதும் செகாம் முறை. இணையத்தில் கிடைக்கும் வழிகாட்டிகள் பெரும்பாலும் அமெரிக்க என்டிஎஸ்சி முறையையோ பிஏஎல்லையோ மனத்தில் வைத்து எழுதியவை. அவற்றை அப்படியே பின்பற்றினால் படம் வரும், வண்ணம் வராது.

செகாம் ஒளிபரப்பை விஎச்எஸ்ஸில் பதிய இரண்டு வழிகள் இருந்தன. பிரான்ஸில் விற்ற விசிஆர் வண்ண அலையின் அதிர்வெண்ணை நான்கால் வகுத்துப் பதியும், ஓட்டும்போது நான்கால் பெருக்கும். சிங்கப்பூர், துபாய் பக்கமிருந்து வந்த, பல முறைகளை ஏற்கும் விசிஆர் பிஏஎல் பாணியிலேயே வண்ணத்தைக் கீழிறக்கிப் பதியும். இந்த இரண்டாவதற்கு மெசெகாம் என்று பெயர். ஒன்றில் பதிந்ததை மற்றதில் போட்டால் கறுப்பு வெள்ளையில்தான் ஓடும். ஒளிபரப்பு ஒன்றுதான், பதிந்த இயந்திரம்தான் வேறு. ரீயூனியனில் இருக்கும் சித்தப்பா பதிந்து அனுப்பிய கசெட்டும் போர்ட் லூயிஸில் அத்தை வீட்டில் பதிந்த கசெட்டும் ஒரே நிகழ்ச்சியாக இருந்தாலும் முறை வேறாக இருக்கலாம் என்பது இதனால்தான். வியட்நாமிலும் 1980களில் செகாம், பிறகு பிஏஎல். அங்கிருந்து வரும் பழைய கசெட்டுகளிலும் இதே குழப்பம் இருக்கும்.

எனவே தேடவேண்டிய விசிஆர், கையேட்டிலோ முன்பக்கத்திலோ பிஏஎல், செகாம், மெசெகாம் மூன்று பெயரும் இருக்கும் விசிஆர். ‘ஆட்டோ’வில் விட்டால் சில சமயம் தவறாகப் புரிந்துகொள்ளும். மெனுவில் ஒவ்வொன்றாகக் கையால் மாற்றிப் பாருங்கள்.

வண்ணம் தொலைவதற்கு இரண்டு இடங்கள் உண்டு, விசிஆர் ஒன்று, படத்தைக் கணினிக்குள் எடுக்கச் செருகும் கேப்சர் கருவி இன்னொன்று. எது குற்றவாளி என்று கண்டுபிடிக்க விசிஆரை முதலில் பல முறைகளையும் ஏற்கும் டிவியில் இணையுங்கள். டிவியில் வண்ணம் வந்து கணினியில் வராவிட்டால் கேப்சர் கருவி பிஏஎல்லில் நிற்கிறது. டிவியிலும் கறுப்பு வெள்ளை என்றால் விசிஆரின் முறை தவறு. முறைகள் எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்தும் ஒரு பகுதி மட்டும் கறுப்பு வெள்ளையாகவும் அடுத்த விளம்பரம் வண்ணமாகவும் இருந்தால், அந்த நிகழ்ச்சியே கறுப்பு வெள்ளைதான். விட்டுவிடுங்கள்.

கேப்சர் மென்பொருளின் வீடியோ முறைப் பட்டியலில் செகாம் பி, செகாம் டி, செகாம் எல் என்று நாலைந்து வரும். மொரீஷியஸ் பி, ரீயூனியன் கே1 என்று தேடி அலையவேண்டாம். இந்த எழுத்துகள் ஆன்டெனா வழியாக வரும் அலைவரிசைக்குரியவை. கேபிள் வழியாகப் படம் வரும்போது எந்த செகாமைத் தேர்ந்தாலும் ஒன்றுதான்.

கசெட்டின் முதுகில் ஈ-180 என்றோ டி-120 என்றோ இருப்பது நாடாவின் நீளத்தை மட்டுமே சொல்லும், முறையைச் சொல்லாது. டி-120 என்று இருப்பதால் அமெரிக்கக் கசெட் என்று முடிவுகட்டவேண்டாம். உண்மையிலேயே என்டிஎஸ்சி கசெட் என்றால் நாடா வினாடிக்கு 3.335 செ.மீ. வேகத்தில் பதிவாகியிருக்கும், நம்முடையது 2.339 செ.மீ. படம் சுருண்டு ஓடுவதும் பேச்சு மாறி ஒலிப்பதும் அடையாளம்.

விசிஆரைத் தயார் செய்தல்

மின்சாரத்தைப் பிடுங்கியபின்தான் மூடியைக் கழற்றவேண்டும். பவர் சப்ளை இருக்கும் தகட்டைத் தொடவே வேண்டாம், பிடுங்கியபின்னும் அதில் மின்னேற்றம் நிற்கும். அமெரிக்காவிலிருந்து வந்த 110 வோல்ட் விசிஆரை இங்குள்ள 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் அதோடு கதை முடிந்தது.

சுழலும் உருளை டிரம். அதன் விளிம்பில் கண்ணுக்கு அரிதாகத் தெரியும் ஹெட்டுகள்தான் படத்தைப் படிப்பவை. 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த மான்தோல் குச்சியை டிரம்மின்மேல் அசையாமல் வைத்து, மறு கையால் டிரம்மின் உச்சியைப் பிடித்து மெல்லச் சுற்றுங்கள். நகரவேண்டியது டிரம்தான், குச்சி அல்ல. குச்சியை மேலும் கீழும் தேய்த்தால் ஹெட் முறியும், அந்த விசிஆர் அவ்வளவுதான். காது குடையும் பஞ்சுக் குச்சி டிரம்முக்கு ஆகாது, பஞ்சு நூல் ஹெட்டில் மாட்டும். ஆனால் நாடா உரசும் கம்பிகளையும் ஒலி ஹெட்டையும் துடைக்க அதுவே போதும். ரப்பர் உருளையை நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடையுங்கள், ஆல்கஹால் ரப்பரைக் காயவைத்து வெடிக்கச் செய்யும். கால் மணி நேரம் காயவிட்டு மூடியைப் போடுங்கள்.

பல வருடம் ஓடாத விசிஆரில் முதலில் முக்கியமான கசெட்டைப் போடாதீர்கள். வேண்டாத ஒன்றைப் போட்டு, ஓட்டி, நிறுத்தி, வெளியே எடுத்துப் பாருங்கள். நாடாவின் ஓரம் மடிந்து வந்தால் ரப்பர் உருளை வழுக்குகிறது.

இணைப்பு

பிரான்ஸ் விசிஆரில் பின்னால் இருப்பது பெரிதெல் (ஸ்கார்ட்) சாக்கெட். அதிலிருந்து மஞ்சள், வெள்ளை, சிவப்பு முனைகளுக்கு மாற்றும் அடாப்டர் வாங்கவேண்டும். அடாப்டரில் உள்ளே, வெளியே என்று ஒரு சின்ன ஸ்விட்ச் உண்டு. ‘படமே வரவில்லை’ என்ற புகாரில் பெரும்பகுதிக்கு அந்த ஸ்விட்சே காரணம். ‘வெளியே’ பக்கம் தள்ளுங்கள். ஸ்விட்சே இல்லாத மலிவு அடாப்டர்கள் உள்ளே மட்டும் வேலை செய்பவை.

கேப்சர் கருவி வாங்கும்போது பெட்டியில் செகாம் என்று தெளிவாக எழுதியிருக்கிறதா பாருங்கள். பிஏஎல், என்டிஎஸ்சி என்று மட்டும் இருந்தால் வேண்டாம். எஸ்ஏஏ7113 சிப் உள்ளவை செகாமைப் படிக்கும். ஒரே பெயரில், ஒரே வடிவத்தில் உள்ளே வேறு வேறு சிப் வைத்து விற்கிறார்கள், ஆகவே மாற்றித் தரும் கடையில் வாங்குங்கள். செகாம் படிக்கும் கருவி கிடைக்கவேயில்லை என்றால், உள்ளுக்குள்ளேயே முறை மாற்றும் விசிஆர்கள் உண்டு, சாம்சங் எஸ்வி-5000டபிள்யூ போன்றவை. செகாம் கசெட்டைப் போட்டு பிஏஎல்லாக வெளியே எடுக்கலாம். கூர்மை கொஞ்சம் குறையும், வண்ணம் வரும்.

மஞ்சள் கேபிளோடு ஒலிக் கேபிளையும் மறக்காமல் மாட்டுங்கள். மோனோ விசிஆரில் வெள்ளை மட்டும் இருக்கும். அதை இரண்டாகப் பிரிக்கும் கேபிள் இல்லாவிட்டால் பரவாயில்லை, பின்னால் மென்பொருளில் இரு பக்கத்துக்கும் நகலெடுக்கலாம்.

பிடிக்கும் அளவுகள்

விர்ச்சுவல்டப்2 மென்பொருள் இந்த வேலைக்கு நல்லது, இலவசம். அளவு 720×576, வினாடிக்கு 25 ஃபிரேம், இன்டர்லேஸ் (ஒற்றை, இரட்டை வரிகளை மாறி மாறிக் காட்டும் பழைய டிவி முறை) அப்படியே இருக்கட்டும். வண்ணம் 4:2:2. சுருக்கம் ஹஃப்ஒய்யூவி அல்லது எஃப்எஃப்வி1, இரண்டும் எதையும் இழக்காதவை. ஒலி 48 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், சுருக்காத பிசிஎம். இப்படிப் பிடித்தால் மணிக்கு சுமார் 35 ஜிபி ஆகும். மூன்று மணிநேரக் கசெட்டுக்கு 110 ஜிபி ஒதுக்குங்கள். வட்டு என்டிஎஃப்எஸ் வடிவில் இருக்கவேண்டும். ஃபேட்32 என்றால் கோப்பு 4 ஜிபியில் நின்றுவிடும், ஏழெட்டு நிமிடத்துக்குமேல் தாங்காது.

கருவியோடு வரும் குறுந்தகட்டு மென்பொருள் நேராக எம்பெக்காகச் சுருக்கிக் கொடுக்கும். வசதிதான். ஆனால் விஎச்எஸ்ஸின் துகள்களைச் சுருக்கும்போது கட்டம் கட்டமாகச் சிதறும், பிறகு அதைச் சரிசெய்ய வழியில்லை. வட்டு இடம் இல்லாதவர்கள் மட்டும் அந்த வழியில் போகலாம்.

கேப்சர் கருவியைக் கணினியின் யூஎஸ்பி துளையில் நேராகச் செருகுங்கள், ஹப் வழியாக வேண்டாம். தூக்க நிலை, திரைச் சேமிப்பி, வைரஸ் சோதனை எல்லாவற்றையும் நிறுத்துங்கள். ஒரு மணி நேரத்தில் நாலைந்து ஃபிரேம் விடுபட்டால் பொறுக்கலாம். நூற்றுக்கணக்கில் விடுபட்டால் ஒலி படத்தைவிட்டு விலகிப்போகும்; உதடு ஒருபக்கம், பேச்சு ஒருபக்கம் ஆகும்.

ஓட்டும்போது

பூஞ்சை இல்லாத கசெட்டை முதலில் கடைசிவரை முன்னோட்டிப் பிறகு முழுக்கப் பின்னோட்டுங்கள். பல வருடம் ஒரே இறுக்கத்தில் கிடந்த நாடா தளர்ந்து சீராகச் சுற்றிக்கொள்ளும். பிறகு ஐந்து நிமிடம் ஓட்டி டிராக்கிங்கை (ஹெட் நாடாவின் பதிவுத் தடத்தோடு பொருந்துவதை) சரிசெய்யுங்கள். தானியங்கி டிராக்கிங் நல்ல கசெட்டில் சரி. அரைவேகமான எல்பி-யில் பதிந்த கசெட்டில் கையால் திருகுவதே மேல். அதுவும் பதிந்த விசிஆர் இன்னும் வீட்டில் உயிரோடு இருந்தால் அதிலேயே ஓட்டுங்கள். அதன் கோணல் பதிவுக்கு அதன் கோணல் ஹெட்டே பொருந்தும்.

இரண்டு ஒலிப்பாதைகள் இருக்கலாம். ஹைஃபை பாதை தெளிவானது, ஆனால் டிராக்கிங் சற்று தவறினாலும் ‘புர்ர்’ என்று உறுமும். அப்போது விசிஆரில் ஒலியை ‘நார்மல்’ அல்லது ‘மோனோ’வுக்கு மாற்றினால் உறுமல் போய்விடும். மாறாக, மோனோ ஒலி துணி போர்த்தியதுபோல் மந்தமாக இருந்தால் ஒலி ஹெட்டின் சாய்வு பதிந்த இயந்திரத்தோடு ஒத்துப்போகவில்லை. அதன் திருகாணியைத் தொடும்முன் வேறொரு விசிஆரில் போட்டுப் பாருங்கள். அறிவிப்பாளரின் குரலுக்காகத்தான் இவ்வளவும் செய்கிறோம், இந்த இடத்தில் சோம்பல் வேண்டாம்.

சில கோளாறுகளுக்குக் காரணம் சுருக்கமாக: படத்தின் மேல்முனை கொடிபோல் வளைந்து ஆடினால் நாடாவின் இழுவை மாறியிருக்கிறது. வரியின் நேரத்தைச் சீராக்கும் கருவி, அல்லது சில டிவிடி ரெக்கார்டர்கள் வழியாகச் சிக்னலை அனுப்பினால் நேராகும். அந்த ரெக்கார்டர் செகாமை ஏற்கவேண்டும் என்பதை மறக்காதீர்கள். அடிப்பகுதியில் ஆறேழு வரி கிழிந்து தெரிவது கோளாறு அல்ல, ஹெட் மாறும் இடம். எல்லா விஎச்எஸ்ஸிலும் உண்டு. ஓடிக்கொண்டிருக்கும்போதே படம் திடீரென்று பனிபோல் வெளுத்தால் ஹெட் அடைத்துக்கொண்டது. உடனே நிறுத்தி, கசெட்டை வெளியே எடுத்து, ஹெட்டைத் துடையுங்கள். ‘கொஞ்சம் ஓடினால் சரியாகிவிடும்’ என்று விட்டால் நாடா கீறப்படும். படம் பளிச்சென்றும் மங்கியும் மூச்சுவிடுவதுபோல் மாறினால் அது கடையில் வாங்கிய கசெட்டின் நகல் தடுப்பு. ஆனால் டிவியிலிருந்து பதிந்த கசெட்டின் மோசமான சிக்னலையும் சில கருவிகள் தடுப்பு என்று நினைத்துப் படத்தை மறைத்துவிடும்.

நாடா அறுந்தால் சாதாரண செலோடேப் ஒட்டவே கூடாது. அதன் பசை கசிந்து டிரம்மில் ஏறும். ஒட்டுவதற்கென்றே விற்கும் நாடாவை, பூச்சு இல்லாத பின்பக்கத்தில் மட்டும் ஒட்டுங்கள். கசங்கிய பகுதியை வெட்டி எறியாமல் சின்ன உறையில் போட்டு வையுங்கள். ஒட்டு போட்ட இடம் வரும்முன் நிறுத்தி, கசெட்டை வெளியே எடுத்து, கையால் அந்த இடத்தைத் தாண்டச் சுற்றிவிட்டுத் தொடருங்கள்.

பார்க்கும் பிரதி

பிடித்த பெரிய கோப்பை அப்படியே வைத்துவிட்டு, குடும்பம் பார்க்க வேறொரு பிரதி எடுங்கள். ஹேண்ட்பிரேக் மென்பொருளில் இன்டர்லேஸ் நீக்கத்தை ‘பாப்’ வகைக்கு வைத்து, ஃபிரேம் வேகம் 50 கொடுங்கள். 25 கொடுத்தால் அசைவு தத்தித் தத்திப் போகும், பழைய டிவியின் வழுக்கல் போய்விடும். விகிதம் 4:3. இதை அகலத் திரைக்கு இழுத்து எல்லாரையும் குண்டாக்கும் வழக்கம் எப்போது ஒழியுமோ. எச்.264இல் 6 மெகாபிட் கொடுத்தால் மணிக்கு 3 ஜிபிக்குள் அடங்கும். அடியில் கிழியும் வரிகளை இந்தப் பிரதியில் கறுப்பால் மூடலாம்.

செயற்கை நுண்ணறிவால் பெரிதாக்கும் மென்பொருள்களை நாங்கள் பரிந்துரைக்கமாட்டோம். விஎச்எஸ்ஸில் கிடையாகச் சுமார் 240 கோடுகள் அளவுக்குத்தான் விவரம் இருக்கிறது. இல்லாததை அது கற்பனை செய்து நிரப்பும். விளம்பரப் பலகையிலிருந்த தமிழ் எழுத்து எந்த மொழியிலும் இல்லாத எழுத்தாகிவிடும்.

எந்த வருடம் என்று கண்டுபிடிப்பது

கசெட்டின்மேல் எழுதிய தேதியை நம்பவேண்டாம். ஒரே கசெட்டில் ஐந்து முறை பதிந்திருப்பார்கள், அட்டையை ஒருமுறைதான் எழுதியிருப்பார்கள். உள்ளே இருப்பதை வைத்தே நிறுவுங்கள்.

மிக உறுதியான சான்று புயல். எச்சரிக்கையில் பெயர் வந்துவிட்டால் மாதமே கிடைத்துவிடும்: ஃபிரிங்கா என்றால் 1989 ஜனவரி, ஹாலாண்டா என்றால் 1994 பிப்ரவரி, டினா என்றால் 2002 ஜனவரி. செய்தியில் குடியரசுத் தலைவர் என்ற பதவி வந்தால் 1992 மார்ச் 12க்குப் பிந்தையது. ஆளுநர் நாயகம் என்றால் முந்தையது. ரூபாய் நோட்டில் தமிழின் இடம் பற்றிய சர்ச்சை செய்தியில் வந்தால் 1998 இறுதியை ஒட்டியது. கசெட் காலத்தில் இந்தியப் பெருங்கடல் தீவுகள் விளையாட்டுப் போட்டி மொரீஷியஸில் நடந்தது 1985இலும் 2003இலும்.

ரீயூனியன் சேனலைப் பதிந்திருந்தால் மூலையிலுள்ள சின்னத்தைப் பாருங்கள். எஃப்ஆர்3 என்ற பெயர் 1982இல் ஆர்எஃப்ஓ ஆனது. அந்தென் ரீயூனியன் 1991இல்தான் வந்தது.

நிகழ்ச்சி எப்போது முதலில் எடுக்கப்பட்டது என்பது கீழெல்லையை மட்டும் தரும். தூர்தர்ஷனில் ராமாயணம் 1987 ஜனவரியிலும் மகாபாரதம் 1988 அக்டோபரிலும் தொடங்கின. இங்கே வந்தது அதற்குப் பிறகுதான். ஜப்பானியக் கார்ட்டூன் கோல்டொராக் பிரான்ஸில் 1978 ஜூலையில் தொடங்கியது. மறு ஒளிபரப்பு எத்தனை முறை வேண்டுமானாலும் நடந்திருக்கலாம் என்பதால் மேலெல்லைக்கு இது உதவாது.

கோப்புப் பெயர் இப்படி இருந்தால் தேடக் கிடைக்கும்: கசெட் எண், உறுதியான அல்லது உத்தேச வருடம், சேனல். உடன் ஒரு சாதாரண உரைக் கோப்பில் நிமிட வாரியாக எழுதுங்கள்: 00:00 அறிவிப்பு, கிரியோல், 00:40 கார்ட்டூன், பிரெஞ்சு, 24:10 விளம்பரம், மூன்று, 26:00 தமிழ்ச் செய்தி, தொடக்கம் மட்டும். மொழியைக் கட்டாயம் குறியுங்கள். எந்த விசிஆர், எந்த முறை, செகாமா மெசெகாமா என்பதையும் ஒரு வரியில் போடுங்கள். வீட்டில் வயதானவர்களை உட்காரவைத்துப் போட்டுக் காட்டினால் அறிவிப்பாளரின் பெயர், கடை இருந்த தெரு எல்லாம் வரும். அதையும் அந்தக் கோப்பிலேயே சேருங்கள்.

வைப்பதும் பகிர்வதும்

இரண்டு தனித்தனி வட்டில் ஒவ்வொரு பிரதி, மூன்றாவது வேறொரு வீட்டில். கடலோரத்தில் இருப்பவர்கள் அந்த மூன்றாவதை மேட்டுப் பகுதி உறவினர் வீட்டில் வைக்கலாம். அங்கே ஈரம் அதிகம் என்பதால் சிலிக்கா ஜெல்லோடு பெட்டியில் வைக்கவேண்டும். வருடத்துக்கு ஒருமுறை வட்டைச் செருகித் திறந்து பாருங்கள்.

மூலக் கசெட்டை எறியாதீர்கள். நாளைக்கு இன்னும் நல்ல விசிஆர் கிடைக்கலாம். முழுக்கப் பின்னோட்டி, புத்தகம் அடுக்குவதுபோல் நிமிர்த்தி வையுங்கள். படுக்கப்போட்டால் சுருள் ஒருபக்கம் சரிந்து ஓரம் நசுங்கும். ஒலிபெருக்கி, பெரிய மின்மாற்றி பக்கத்தில் வேண்டாம்.

நிகழ்ச்சிகளின் உரிமை தயாரித்தவர்களிடமும் ஒளிபரப்பியவர்களிடமும் இருக்கிறது. வீட்டில் பார்க்கப் பிரதி எடுப்பது வேறு, முழுத் தொடரையும் இணையத்தில் ஏற்றுவது வேறு. ஏற்றினாலும் தானியங்கிச் சோதனையில் மாட்டி நீக்கப்படும், அதோடு அறிவிப்பாளரின் அரை நிமிடமும் போய்விடும். பொதுவில் காட்ட விரும்பினால் அறிவிப்பு, செய்தித் தொடக்கம் போன்ற உள்ளூர்த் துண்டுகளைத் தனியாக எடுத்து, ஒளிபரப்பு நிறுவனத்திடம் எழுதிக் கேளுங்கள். கேட்கும்போது கசெட்டின் நிமிடப் பட்டியலையும் இணையுங்கள். அவர்கள் காப்பகத்தில் இல்லாத ஒன்று உங்கள் பட்டியலில் இருந்தால் பதில் சீக்கிரம் வரும்.